தப்பான பிரதியில் கேட்ட பழைய ஆல்பங்கள்: போனது இரண்டு வருடம், இருபத்தாறாயிரம் ரூபாய்

பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ ஆல்பத்தை முதல் தடவை கேட்டு முடித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. 1969இல் வந்து இன்றுவரை கொண்டாடப்படுகிற ஆல்பம். என் காதில் விழுந்ததோ ஒன்றரை நிமிடத்தில் திடீரென்று நின்றுபோகும் துண்டுப் பாட்டுகளும், சம்பந்தமில்லாமல் நடுவில் தொடங்கும் வரிகளும்தான். இதில் என்ன இருக்கிறது என்று மூடி வைத்துவிட்டேன். அதே மாதிரி பிங்க் ஃபிளாய்டையும் மைல்ஸ் டேவிஸையும் மார்வின் கேயையும் வரிசையாகக் கேட்டு, வரிசையாக ஒதுக்கினேன். அந்த ஆல்பங்களில் குறை எதுவும் இல்லை, நான் கேட்ட பிரதியிலும் கேட்ட விதத்திலும்தான் கோளாறு என்று புரிய இரண்டு வருடம் ஆனது. இடையில் 26,300 ரூபாய் போனது. சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்து, மேற்கத்திய ஆல்பங்களைப் புதிதாகக் கேட்க உட்காரும் எவருக்கும் இதெல்லாம் நடக்கலாம். நமக்குப் பாட்டு என்றால் தனித்தனிப் பாட்டு. 40 நிமிடத்தை ஒரே படைப்பாக உட்கார்ந்து கேட்கும் பழக்கம் கிடையாது. அதனால் எங்கே தவறு நடக்கிறது என்றே பிடிபடுவதில்லை.

முதல் தவறு ஷஃபிள். கைப்பேசிச் செயலியின் இலவசக் கணக்கில் கேட்டேன். அது ஆல்பத்தின் பாட்டுகளை இஷ்டத்துக்குக் கலைத்துப் போட்டது, நடுவில் விளம்பரமும் வந்தது. ‘அபே ரோடு’ இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் பெரும்பகுதி, முடியாத பாட்டுத் துண்டுகளை ஒன்றோடொன்று கோத்துச் செய்த 16 நிமிட மாலை. கலைத்துப் போட்டால் மாலை அறுந்து உதிரிப்பூதான் மிஞ்சும். பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973இல் வந்தது. அதுவும் இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடிகிற ஒரே ஓட்டம், நடுவில் தட்டைத் திருப்பிப் போட ஒரே ஓர் இடைவெளி. அதை நான் ஏழாவது பாட்டிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆகவே செயலியைத் திறந்ததும் மூன்றைச் சரிபாருங்கள். ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். ஒரு பாட்டின் வாலை அடுத்த பாட்டின் தலையோடு குழைக்கும் ‘கிராஸ்ஃபேட்’ பூஜ்யத்தில் இருக்க வேண்டும். பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாத ‘கேப்லெஸ்’ என்று ஒரு தேர்வு இருந்தால் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாட்டுப் பாட்டாகத் தனித்தனி வீடியோவாகக் கேட்டால் இணைப்புகள் எல்லாம் வெட்டுப்படும், அதை விட்டுவிடுங்கள்.

பென் டிரைவில் எம்பி3 போட்டு காரில் கேட்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் துளி மௌனம் சேர்ந்துவிடும், அந்த வடிவத்தின் இயல்பே அது. எவ்வளவு சேர்ந்தது என்ற குறிப்பைப் படித்துக் கழித்துவிடும் பிளேயர்களில் தெரியாது. பல கார் ஸ்டீரியோக்கள் அதைப் படிப்பதில்லை, அடுத்த கோப்பைத் திறக்கவும் தனியாக நேரம் எடுக்கும். அதனால்தான் ‘டார்க் சைட்’டின் கடைசி இரண்டு பாட்டுகள் சேரும் உச்சத்தில் ஒரு விக்கல் விழுகிறது. சொந்த சிடியிலிருந்து எடுப்பதென்றால் ஒலி எதுவும் இழக்காத ஃப்ளாக் வடிவில் எடுங்கள், இல்லையென்றால் முழு ஆல்பத்தையும் ஒரே கோப்பாக எடுங்கள்.

அடுத்தது பாட்டு எண்ணிக்கை. இதை யாரும் சொல்வதே இல்லை. செயலியில் ஆல்பம் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது ‘டீலக்ஸ்’, ‘50ஆம் ஆண்டு’ போன்ற பதிப்புகள். ஆல்பம் முடிந்த பிறகும் ஒத்திகைகள், அரைகுறைப் பதிவுகள், கச்சேரிப் பதிவுகள் என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஃபிளீட்வுட் மேக்கின் ‘ரூமர்ஸ்’ கேட்டபோது ஒரே பாட்டு மூன்றாவது தடவையாக வருகிறதே என்று அலுத்து நிறுத்தினேன். நான் அலுத்துக்கொண்டது ஒத்திகைப் பதிவைக் கேட்டு. 1977இல் வந்த மூல ஆல்பத்தில் 11 பாட்டுகள்தான், ஏறக்குறைய 40 நிமிடம். ஆகவே கேட்பதற்கு முன் மூல எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டு அங்கே நிறுத்திவிடுங்கள். பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ 13 பாட்டு, 36 நிமிடம். மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ 9 பாட்டு, 35 நிமிடம். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ 9 பாட்டு, 42 நிமிடம். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 5 உருப்படி, முக்கால் மணி நேரம். ‘அபே ரோடு’ 17 பாட்டு, 47 நிமிடம். ஸ்டீவி வொண்டரின் ‘சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்’ ஒன்றுதான் விதிவிலக்கு. 1976இல் அது இரண்டு எல்பியும் (பெரிய இசைத்தட்டு) கூடவே நாலு பாட்டுள்ள ஒரு சின்னத் தட்டுமாகத்தான் வந்தது. மொத்தம் 21 பாட்டு, ஒன்றேமுக்கால் மணி நேரம். அதை ஒரே மூச்சில் கேட்கத் தேவையில்லை, பக்கம் பக்கமாகக் கேட்டால் போதும்.

மூன்றாவது கோளாறு எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. பஸ்ஸில் போகும்போது கண்டக்டர் குரல் கேட்க வேண்டும் என்று ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டுவேன். அப்படி பீட்டில்ஸின் 1965 ஆல்பமான ‘ரப்பர் சோல்’ஐ ஸ்டீரியோவில் கேட்டபோது பல பாட்டுகளில் தாளமும் கிட்டாரும் மட்டும் வந்தன, குரல் இல்லை. மெட்டு எங்கே என்றே புரியாமல், இந்தக் குழுவுக்கு எதற்கு இவ்வளவு பெயர் என்று ஒரு மாதம் ஒதுக்கி வைத்தேன். காரணம் எளிது. அன்று இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் மோனோ பிளேயர். குழு உட்கார்ந்து பக்குவம் பார்த்தது மோனோ கலவையைத்தான். ஸ்டீரியோவுக்காக, நாலே தடங்களில் பதிந்ததைப் பிரித்து, குரலை ஒரு பக்கமும் கருவிகளை மறுபக்கமும் வைத்தார்கள். ஒரு காதில் கேட்டால் பாதிப் பாட்டுதான் கிடைக்கும். இரண்டு காதிலும் மாட்டினாலும் ஹெட்போனில் அந்தப் பிளவு உறுத்தும். பரிகாரம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் ‘மோனோ ஆடியோ’ என்பதைப் போடுங்கள், இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். அசல் மோனோ கலவைக்கு அது ஈடாகாது என்றாலும் பாட்டு முழுசாகக் கேட்கும். கேட்டு முடித்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். மறந்தால் பிங்க் ஃபிளாய்டின் ‘டார்க் சைட்’டில் ஒலிக்கும் கடிகாரங்கள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து அடிக்கும்.

மோனோ, ஸ்டீரியோ என்பது வெறும் இடது வலது சமாச்சாரம் இல்லை. பீட்டில்ஸின் 1967 ஆல்பமான ‘சார்ஜென்ட் பெப்பர்’இல் வீட்டை விட்டுப் போகும் பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு உண்டு, வயலின் குடும்ப வாத்தியங்களும் ஹார்ப்பும் மட்டும் பின்னணி. மோனோவில் அது வேகமாக, அரை ஸ்வரம் மேலே ஒலிக்கும். பழைய ஸ்டீரியோவில் மெதுவாக, கீழே. நான் முதலில் கேட்டது ஸ்டீரியோ, இழுவையாகப் பட்டது. மோனோவில் அதே பாட்டு தொண்டையை அடைத்தது. 2017இல் புதிதாகக் கலந்த ஸ்டீரியோவில் மோனோவின் வேகத்தையே வைத்துவிட்டார்கள். இரண்டு காதுக்கும் இதமாகவும் இருக்கிறது. முதன்முதலாகக் கேட்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன், பழமைப் பற்றுள்ளவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ விஷயம் நேர் எதிர். 1966இல் அதை மோனோவில் மட்டுமே கலந்தார்கள். அதை உருவாக்கிய பிரையன் வில்சனுக்கு வலது காது ஏறக்குறைய கேட்காமல் இருந்தது. எல்லாக் கருவிகளும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து புது நிறமாக ஒலிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1990களில் செய்த ஸ்டீரியோ கலவையில் கருவிகள் தனித்தனியே தெரியும், ஆராய நல்லது. மனசில் இறங்குவது மோனோதான். முதல் இரண்டு தடவை எனக்கு அது நெரிசலாக மட்டுமே பட்டது. மூன்றாம் தடவை இரவில், சத்தம் குறைத்து, விளக்கணைத்துக் கேட்டபோதுதான் அடியில் ஓடும் பேஸ் கிட்டார் மெட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போவது பிடிபட்டது.

பேஸ் பற்றிச் சொல்ல இன்னும் இருக்கிறது. மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ 1971இல் டெட்ராய்ட்டில் பிறந்த ஆல்பம். அதன் உயிரில் பாதி ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரில் இருக்கிறது. அந்த வாத்தியத்தின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கர் அந்தப் பக்கமே போகாது. சமையலறை மேடையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக் கேட்டால் ஜேமர்சன் இல்லாத ஆல்பத்தைத்தான் கேட்கிறீர்கள். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒயர் இயர்போன், ரப்பர் முனை காதில் இறுக்கமாகப் பொருந்தினால், போதும். முனை தளர்வாக இருந்தால் முதலில் காணாமல் போவது பேஸ்தான், ஆகவே பெட்டியில் வரும் மூன்று அளவு முனைகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, தலைப்புப் பாட்டில் மார்வினின் குரல் இரண்டாகக் கேட்கும், ஒன்று முன்னே, ஒன்று கொஞ்சம் பின்னே. என் இயர்போன் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அவர் பாடிய இரண்டு பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டபோது பொறியாளர் இரண்டையும் சேர்த்து ஓட்டிவிட்டார். அது மார்வினுக்குப் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். பிற்பாடு தனக்குத்தானே துணைக்குரல் பாடுவது அவருடைய பாணியாகவே ஆனது.

சுருதிக் காது உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஜாஸ் ஆல்பம் என்றாலும் எந்தப் பட்டியலை எடுத்தாலும் இருக்கும். 1959இல் நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு ஸ்டுடியோவில் மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் பதிந்தது. முதல் உருப்படி டி சுருதி, கரகரப்பிரியா ஸ்வரங்கள். தம்புரா செயலியை டியில் வைத்து ஒரு பழைய சிடியோடு ஓட்டிப் பார்த்தேன், சேரவே இல்லை. ட்ரம்பெட் கொஞ்சம் மேலேயே நின்றது. என் காதைச் சந்தேகப்பட்டேன், செயலியைச் சந்தேகப்பட்டேன். உண்மை வேறு: மார்ச் மாதப் பதிவின்போது ஒரு டேப் இயந்திரம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். அன்று பதிந்த மூன்று உருப்படிகள்தான் தட்டின் முதல் பக்கம். 1990களில்தான் சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு இயந்திரத்தின் டேப்பைக் கொண்டு திருத்தினார்கள். பரவலாகக் கிடைத்த திருத்தப் பதிப்பு 1997இல் வந்தது. பழைய சிடியோ எல்பியோ வாங்கினால் முதல் பக்கம் ஏறித்தான் இருக்கும். திருத்திய பிரதியில் தம்புரா வைத்துக் கேளுங்கள். 16 தாளக்கட்டு டியில், அடுத்த 8 அதே கரகரப்பிரியா அரை ஸ்வரம் மேலே, கடைசி 8 மறுபடி டியில். சுருதி ஏறி இறங்கும் அந்த 8 தாளக்கட்டில் தம்புரா முரண்டு பிடிப்பதே உங்களுக்கு இடம் காட்டிக் கொடுக்கும். எனக்கு ஜாஸ் புரியத் தொடங்கியது அந்த இடத்தில்தான்.

தாளம் போட்டுக் கேட்கும் நம் பழக்கத்தை இந்த ஆல்பங்களில் விட்டுவிட வேண்டாம். ‘டார்க் சைட்’ இரண்டாம் பக்கம் காசு குலுங்கும் சத்தத்தோடு தொடங்கும், எண்ணிக்கை ஏழு. மிஸ்ர சாபு தட்டுகிறவர் கை தடுமாறாது. சாக்ஸபோன் தனி ஆவர்த்தனமும் ஏழிலேயே போகும், கிட்டார் தனி வரும்போது நாலுக்கு மாறி, முடிந்ததும் ஏழுக்குத் திரும்பும். ‘சார்ஜென்ட் பெப்பரில்’ ஜார்ஜ் ஹாரிசன் லண்டனில் இருந்த இந்திய இசைக்கலைஞர்களை வைத்துச் செய்த பாட்டு ஹரிகாம்போஜி ஸ்வரங்களில் போகிறது. மற்ற மூன்று பீட்டில்ஸும் அதில் இல்லை. நம்மூர்க் காதுக்கு முதலில் அது ஒப்புக்குப் போட்ட சிதார் போலத் தோன்றலாம், எனக்குத் தோன்றியது. நடுவில் தில்ரூபாவும் வயலின்களும் ஐந்து எண்ணிக்கையில் கேள்வி பதிலாகப் போகும் இடத்தைக் கண்டச் சாபு தட்டிக் கேட்ட பிறகு அந்த எண்ணம் போயிற்று.

இனி பணம் போன கதை. செயலியில் சரியாகக் கேட்கத் தெரிந்ததும், அசலைக் கேட்க வேண்டும் என்ற ஆசையில் எல்பிக்குத் தாவினேன். 6,500 ரூபாய்க்கு சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கும் ரெக்கார்டு பிளேயர் ஒன்று வாங்கினேன். பார்க்க அழகு. ஆனால் புதிய ‘ரூமர்ஸ்’, ‘த்ரில்லர்’ இரண்டு தட்டுகளும் (சேர்த்து 5,600) நாலு மாதத்தில் கரகரத்துப்போயின. பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் பிளேயரைக் காட்டினேன். ஊசிக் கையை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது ஊசி இல்ல தம்பி, கொழு. தட்டை உழுதுக்கிட்டே போகும்” என்றார். இவ்வகைப் பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் பகுதி) இருக்கும், ஊசி 5, 6 கிராம் எடையோடு தட்டை அழுத்தும், எடையைக் குறைக்க வழியும் இருக்காது. நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜ் 2 கிராம் சுற்றில் ஓடும். உதாரணமாக, ஆடியோ டெக்னிகாவின் விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லப்பட்ட எடை 2 கிராம், 1.8இலிருந்து 2.2 வரை போகலாம். எடைக்கல்லைத் திருகி எடை வைக்க முடிகிற பிளேயர்தான் வாங்க வேண்டும். ஊசி எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசும் கூடவே வாங்கிவிடுங்கள். எடை அதிகமானால் மட்டும்தான் கெடும் என்று எண்ண வேண்டாம், ரொம்பக் குறைந்தாலும் ஊசி பள்ளத்தில் நிற்காமல் துள்ளிச் சுவரைக் கொத்தும்.

பிளேயர் மாற்றிய பிறகு ஒரு வாரம் ஒலி சன்னமாக, தகரம் தட்டின மாதிரி வந்தது. தட்டு வெட்டும்போது கீழ் ஒலிகளைக் குறைத்து மேல் ஒலிகளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள், அப்போதுதான் பள்ளம் அகலாமல் இருக்கும். 1950களின் நடுவிலிருந்து இதற்கு ஒரே அளவுகோல் உண்டு. அதைத் திருப்பிச் சரிசெய்வது ஃபோனோ பிரீஆம்ப்பின் வேலை. அது இல்லாமல் நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகினால் தகரச் சத்தம். பிளேயருக்குள் ஒன்று, ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ வாயில் ஒன்று என்று இரண்டு சேர்ந்தால் கும்மென்று கலங்கி வெடிக்கும். பிளேயரின் பின்னால் ‘ஃபோனோ’, ‘லைன்’ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். லைனில் வைத்தால் ஆம்ப்ளிஃபயரின் சாதாரண வாய், ஃபோனோவில் வைத்தால் ஃபோனோ வாய். வேகத்தையும் பார்த்துவிடுங்கள். தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டு ஒட்டி எண்ணுங்கள், 33⅓ வேகத்தில் 3 நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று வர வேண்டும். 103 வந்தால் அரை ஸ்வரத்தில் பாதி ஏறிவிட்டது என்று பொருள். பல மாடல்களில் அடியில் உள்ள துளை வழியாகச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருத்தலாம்.

தட்டு வாங்குவதில்தான் அடி அதிகம் விழுந்தது. நிறத் தட்டாக ஒரு ‘அபே ரோடு’, 3,200 ரூபாய். கேட்டால் செயலியில் வருவதைவிட மங்கல். யாரோ சிடியிலிருந்து அடித்த போலி. இணையத்தில் விற்றவர் அதன்பின் பதிலே சொல்லவில்லை. பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்குமுன் உள்ள வழுவழுப்பான வளையத்தில் எண்கள் பொறித்திருக்கும். பிரிட்டிஷ் மூலப் பதிப்பு ‘அபே ரோடு’ என்றால் உறையில் பிசிஎஸ் 7088, முதல் பக்க வளையத்தில் ஒய்இஎக்ஸ் 749 என்று தொடங்கும். வாங்குமுன் அந்த வளையத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இசைத்தட்டுப் பதிப்புகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். படம் அனுப்ப மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்து, ‘விஜி’ தரம் என்று போட்ட நாலு பழைய தட்டுகள், மொத்தம் 5,600. மிக நன்று என்பதன் சுருக்கம்தானே என்று நம்பினேன். தட்டு வியாபாரத்தில் விஜி என்றால் மெல்லிய இடங்களில் கீறல் சத்தம் கேட்கும் என்றுதான் பொருள். அமைதியாகக் கேட்க வேண்டும் என்றால் ‘விஜி பிளஸ்’ஸிலிருந்து மேலே பாருங்கள். கல்கத்தா டம் டம் ஆலையில் அச்சான பீட்டில்ஸ் தட்டுகள் நம்மூர்ப் பழைய கடைகளில் இன்னும் கிடைக்கும். கீறல் இல்லாமல் கிடைத்தால் மலிவான நல்ல வழி. தெரு விளக்கடியில் வேண்டாம், வெயிலில் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள்.

இன்னும் 5,400 கத்திரி வெயிலில் போனது. மே மாதம் கூரியரில் வந்த இரண்டு தட்டுகள் அப்பளம் போல வளைந்திருந்தன. தட்டு பிவிசிதான், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இளகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் தபாலில் வரவழைக்காதீர்கள். வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்து, தட்டைச் சுழலவிட்டுக் கண்மட்டத்தில் பக்கவாட்டில் பாருங்கள், ஊசி படகு போல ஏறி இறங்கினால் அன்றே திருப்பி அனுப்புங்கள். வீட்டில் புத்தகம் போல நேராக நிறுத்தி வைக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. மழைக்காலத்தில் வெள்ளைப் பூஞ்சை வந்தால் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உப்பு பள்ளத்துக்குள் தங்கிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, பள்ளத்தின் ஓட்டத்தோடு வட்டமாகத் துடைத்து, லேபிளில் ஈரம் படாமல் நிறுத்தி உலர்த்துங்கள்.

எல்பி என்றால் ஒலி தானாக உயர்ந்துவிடும் என்று எனக்குச் சொன்னவர்கள் ஒன்றைச் சொல்லவில்லை. தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, உள் ஓரத்தில் 21தான். அதே இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும், அதனால் கடைசிப் பாட்டு பிசிறும். ஊசி சரியான கோணத்தில் இல்லையென்றால் இன்னும் மோசம். கார்ட்ரிட்ஜோடு வரும் கோண அட்டையை வைத்து நேர் செய்தால் பாதிப் பிசிறு போய்விடும். நீளமும் இதில் சேரும். 1982இல் ‘த்ரில்லர்’ முதலில் முடிந்தபோது பக்கங்கள் நீண்டுபோய் ஒலி மெலிந்திருந்தது. தயாரிப்பாளர் குயின்ஸி ஜோன்ஸின் குழு ஒரு பாட்டின் சரணத்தையே எடுத்து, இன்னொன்றின் முன்னிசையைக் குறைத்து, மறுபடி கலந்தது. பேஸ் கனமாக வேண்டுமானால் பள்ளம் அகலமாக வேண்டும், அப்போது ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் அடைக்க முடியாது. மறுபதிப்பு வாங்கும்போது 180 கிராம் என்ற தட்டின் எடையை விட்டுவிட்டு, பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள்.

சிடியிலும் செயலியிலும் பதிப்புப் பிரச்சினை உண்டு. 1990களின் நடுவிலிருந்து பல ஆல்பங்களைச் சத்தமாக ஒலிக்க வைப்பதற்காகவே மெல்லியதையும் உரத்ததையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கினார்கள். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் 1999 ஆல்பமான ‘கலிஃபோர்னிகேஷன்’ இதற்குப் பேர்போன உதாரணம். பாட்டு பிடித்தும் நாலாவது பாட்டில் காது சோர்ந்து நிறுத்தத் தோன்றினால் காரணம் இதுவாக இருக்கலாம். பழைய ஆல்பங்களின் ரீமாஸ்டர்கள் (மறுபடி மெருகேற்றிய பதிப்புகள்) சிலவும் இப்படித்தான். இரண்டு பிரதிகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள், சத்தம் கூடியது எப்போதும் நல்லது போலவே தோன்றும். செயலியில் சத்தத்தைச் சமன் செய்யும் வசதியை (‘நார்மலைசேஷன்’) ஓடவிடலாம். ஆல்பத்தை முழுதாகக் கேட்கும்போது அது ஆல்பம் மொத்தத்துக்கும் ஒரே அளவாகச் சமன் செய்கிறதா என்று பாருங்கள். பாட்டுக்குப் பாட்டு சமன் செய்தால் மெல்லிய பாட்டு வேண்டாத அளவுக்கு எழும்பும்.

இப்போது ஒரு புது ஆல்பத்துக்கு நான் மூன்று நாள் ஒதுக்குகிறேன். முதல் நாள் எதையும் படிக்காமல் முழுக்கக் கேட்பது. இரண்டாம் நாள் பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது. அந்த உச்சரிப்பும் வேகமும் நமக்குப் பழகாதவை, பாதி வரிகள் தவறாகவே விழும். இரண்டு நாள் இடைவெளி விட்டு மூன்றாவது. அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். கேப்டன் பீஃப்ஹார்ட்டின் ‘ட்ரவுட் மாஸ்க் ரெப்ளிகா’ எனக்கு ஐந்து தடவை கேட்டும் ஒட்டவில்லை. ஆனால் எதைக் கேட்டு ஒதுக்கினேன் என்று தெளிவாகத் தெரியும். செயலியில் மூன்று தடவை கேட்டு, நாலாவது தடவையும் கேட்கத் தோன்றிய ஆல்பத்துக்கு மட்டுமே எல்பி.

‘அபே ரோடு’ கேட்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக இரண்டு இடம். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ஏழே முக்கால் நிமிடம் ஓடும். காற்று இரைவது போன்ற மூக் சிந்தசைசர் ஓசை ஏறி ஏறி வந்து, ஒரு சொல்லும் இல்லாமல் கத்தரித்தாற்போல் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று மறுபடி இறக்க வேண்டாம். டேப்பை அந்த இடத்தில் வெட்டச் சொன்னது பீட்டில்ஸின் ஜான் லெனன். இரண்டாம் பக்கத்தில் பெரிய முடிவு வந்து ஓய்ந்ததும் ஊசியைத் தூக்கிவிடாதீர்கள், செயலியையும் மூடாதீர்கள். ஏறக்குறைய 14 நொடி மௌனத்துக்குப் பிறகு ஒரு கிட்டார் அடி விழும், பால் மெக்கார்ட்னி தனியாக 23 நொடி பாடுவார். மாலையின் நடுவில் இருந்த அந்தத் துண்டை மெக்கார்ட்னி எடுத்துவிடச் சொன்னார். எதையும் எறியக்கூடாது என்பது ஸ்டுடியோ விதி, அதனால் ஜான் கர்லாண்டர் என்ற இளம் பொறியாளர் அதை டேப்பின் வாலில் ஒட்டி வைத்தார், அது அங்கேயே தங்கிவிட்டது. முதலில் விழும் அடி, மாலையில் அதற்கு முன்னால் இருந்த பாட்டின் கடைசி அடி. இதன் சொந்தக் கடைசி ஸ்வரம் அடுத்த பாட்டோடு வெட்டுப்பட்டுப் போயிற்று, அதனால் அது முடியாமலே நிற்கும்.